வயதை மீறிய முதிர்ச்சி

போன மாதம் சோஃபி தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்றபோது காலியான நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். இனிமேல் மாணவர்கள் பாடத் தெரிவுக்காக நேரில் வந்து பேசத் தேவையில்லையாம். கைபேசியில் பதினொரு கேள்விகளுக்குப் பதில் சொன்னால், எந்தப் பாடத்தை எந்த மட்டத்தில் எடுக்கலாம் என்று அதுவே சொல்லிவிடுமாம்.

"நல்லது," என்றேன். "ஆனால் கைபேசியைப் பிடித்திருப்பது பிள்ளையா, அப்பாவா என்று அதற்கு எப்படித் தெரியும்?"

அப்பாக்களை நான் எப்படிச் சமாளித்தேன் என்று எழுதித் தர முடியுமா எனக் கேட்டாள். ஒரு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது என்றாள். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அப்பாவை நான் என் வேலைக் காலம் முழுவதிலும் சந்தித்ததில்லை. அவளுக்கு டேனிஷில் ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் அடங்காதது இது.

டென்மார்க்கில் பதினாறு வயதிலிருந்து பத்தொன்பது வரை பிள்ளைகள் படிக்கும் மூன்று வருடப் பள்ளிக்கு கிம்னேசியம் என்று பெயர். வைலேயில் அப்படியொரு பள்ளியில் இருபத்தெட்டு வருடம் கணிதம் படிப்பித்தேன். அதில் கடைசிப் பதினான்கு வருடம் பாடத் தெரிவு ஆலோசகராகவும் இருந்தேன். கொழும்பில் இருக்கும் என் மச்சாள், நான் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை செய்வதாகவே நெடுங்காலம் நினைத்திருந்தாள். ஒருமுறை இங்கே வந்தபோது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ மற்றவைக்குச் சொல்லிக் குடுக்கிறதோடை சரி போலை," என்றாள்.

யாழ்ப்பாணத்தில் வாங்கிய கணிதப் பட்டத்தைச் சூட்கேசின் அடியில் வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தேன். அலுவலகத்தில் அதைப் புரட்டிப் பார்த்த பெண், "முத்திரை அழகாக இருக்கிறது," என்றாள். அதன்பிறகு மீன் தொழிற்சாலை, டேனிஷ் வகுப்பு, மறுபடியும் பல்கலைக்கழகம், இரண்டு பிள்ளைகள், ஆசிரியர் பயிற்சி என்று பத்து வருடம் போனது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. மீன் வாசனையைப் பற்றிச் சொல்லலாம். வேண்டாம்.

ஆலோசகர் வேலையின் முக்கால்வாசி, A, B, C என்ற மூன்று எழுத்துக்களை விளக்குவதுதான். இங்கே ஒரு பாடத்தை மூன்று மட்டங்களில் படிக்கலாம். C அடிப்படை, A ஆக உயர்ந்தது. இவை மட்டங்களே தவிரப் புள்ளிகள் அல்ல. இதை எத்தனை தமிழ்ப் பெற்றோருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தாய், பள்ளி தொடங்குவதற்கு முதல் வாரமே அழுதுகொண்டு வந்தார். "ரீச்சர், பிள்ளை இன்னும் வகுப்புக்கே போகேல்லை. அதுக்குள்ளை சங்கீதத்திலை C போட்டிட்டாங்கள்!" விளக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எல்லாத்துக்கும் A எண்டே போட்டு விடுங்கோவன்," என்றார்.

இனிச் சோஃபி கேட்ட செய்முறைக்கு வருகிறேன். ஒரு மாணவர் உயர்ந்த மட்டப் பாடம் எதையும் எடுக்கும் முன்பு அவருடன் அரை மணி நேரம் பேச வேண்டும். படிவத்தில் மூன்றே கேள்விகள். இந்தப் பாடம் உனக்கு ஏன் வேண்டும்? இதற்காக எதை விடப் போகிறாய்? விளங்காமல் போனால் யாரிடம் கேட்பாய்? கேள்வியைக் கேட்டபிறகு நான் மனத்துக்குள் ஏழு எண்ணுவேன். பதினேழு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து உண்மை வருவதற்கு அவ்வளவு நேரம் எடுக்கும். தமிழ் அப்பாக்கள் இரண்டு எண்ணுவதற்குள் பதில் சொல்லிவிடுவார்கள்.

இதற்காகத் தளபாடத்தை மாற்றினேன். மாணவருக்கு நிமிர்ந்த மர நாற்காலி, எனக்கு நேரெதிரே. அப்பாவுக்கு, இடது பக்கமாகக் கொஞ்சம் பின்னால், ஒரு பழைய சோஃபா. வில்லுகள் உடைந்து இருக்கை நிலத்தோடு போய்விட்ட சோஃபா அது. அதில் உட்கார்ந்தவரின் முழங்கால்கள் நாடி மட்டத்துக்கு வந்துவிடும். அந்த நிலையில் இருந்துகொண்டு ஒருவரால் அதிகாரமாகப் பேச முடியாது. பேச நினைத்து எழும்ப முயன்றாலும் நான் ஏழு எண்ணி முடித்துவிடுவேன். பள்ளி மூன்று தடவை புதுச் சோஃபா வாங்கித் தரப் பார்த்தது. மூன்று தடவையும் மறுத்துவிட்டேன்.

எங்கள் ரெக்டர், அதாவது அதிபர், பிரெபன் என்ற ஆறரை அடி மனிதர். இங்கே அதிபரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவது. எனக்கு அது பழக நாலு வருடம் எடுத்தது. அதுவரை அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், அவர் திரும்பும்வரை இருமிக்கொண்டு நிற்பேன். மழையோ வெயிலோ சைக்கிளில் வருவார். வந்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிடுவார். ஆசிரியர் கூட்டம், பெற்றோர் கூட்டம், ஒருமுறை அமைச்சிலிருந்து வந்தவர்களுடனான மதியச் சாப்பாடு, எல்லாவற்றிலும் தலையில் ஹெல்மெட் இருக்கும். அவர் அதைக் கழற்றி மேசையில் வைத்தால் மட்டும் விஷயம் பாரதூரமானது என்று நாங்கள் அறிந்துகொள்வோம்.

பிரெபன் எதற்கும் 'இல்லை' என்று சொன்னதில்லை. 'ஸ்பென்னெனெ' என்பார். சுவாரசியம் என்று அர்த்தம். வேகமாகச் சொன்னால் சம்மதம். மெதுவாகச் சொன்னால் மறுப்பு. சொல்லிவிட்டு யன்னலைப் பார்த்தால், அவருக்கு நீங்கள் சொன்னது விளங்கவில்லை.

ஒரு வருடம் பிரெபன் ஒரு புதுத் திட்டத்துடன் வந்தார். கடைசி வருட மாணவர்கள், பள்ளியில் இருந்துகொண்டே பல்கலைக்கழகத்தின் முதல் வருடக் கணிதப் பாடமொன்றைப் படிக்கலாம். எங்கள் பள்ளிக்கு இரண்டு இடங்கள். அதற்குத் தயார்ப்படுத்துவதற்காக, இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமைகளில் பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு வகுப்பு. பத்து வாரம். படிப்பிக்க மத்ஸ் என்ற இளைஞன் பல்கலைக்கழகத்திலிருந்து வருவான். முடிவில் அவன் சிபாரிசு செய்கிற இருவருக்கு அந்த இடங்கள். ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி அபிஷா.

அபிஷாவுக்குக் கணிதம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவள் வைலேயின் ஹேண்ட்போல் கழகமொன்றில் கோல் காப்பவள். பயிற்சி புதன்கிழமை பின்னேரம். தெரிவுப் பேச்சில், இது உனக்கு ஏன் வேண்டும் என்று கேட்டேன். ஏழு எண்ணினேன். பதினொன்றுவரை எண்ணினேன். கடைசியில் டேனிஷில், "என்னால் முடியும். ஆனால் கிதர் இல்லை," என்றாள். 'கிதர்' என்ற அந்த டேனிஷ் சொல்லுக்கு நான் இன்னும் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறேன். சோம்பல் இல்லை, வெறுப்பும் இல்லை. ஏலும், மனம் வரவில்லை என்பதற்குக் கிட்ட வரும்.

சோஃபாவிலிருந்து அவளுடைய அப்பா தேவராசா, முழங்கால்களுக்கு நடுவே தலையை நீட்டி, "என்னவாம் ரீச்சர்? ஓமாமோ?" என்றார். அவருக்கு டேனிஷ் நன்றாகத் தெரியும். அந்தச் சொல் மட்டும் அவர் காதில் விழுவதில்லை. "நான் ஊரிலை ஏ எல் சோதினைக்குக் கணிதப் பிரிவு. அந்த நேரம் ஊரடங்கு போட்டுச் சோதினையைக் குழப்பிப்போட்டாங்கள். இல்லாட்டி எஞ்சினியர். பிள்ளைக்கு அது ரத்தத்திலை இருக்கு."

அபிஷா தோளைக் குலுக்கினாள். நான் படிவத்தில் 'ஆம்' என்று எழுதினேன். அது என் முதல் பிழை.

முதல் புதன்கிழமை, மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், தாழ்வாரத்தில் தேவராசா வந்துகொண்டிருந்தார். அவருக்கு நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய களஞ்சியத்தில், பலட் என்கிற மரத்தட்டுகளில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. காலை ஐந்து மணி வேலை முறை, ஒரு மணிக்கு முடிந்துவிடும். வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டி வைத்த மஞ்சள் ஜாக்கெட்டோடேயே வந்திருந்தார். கையில் ஒரு தடித்த கொப்பி, நாலு நிறத்தில் பேனா, ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி.

"பிள்ளைக்குப் பயிற்சி, ரீச்சர். வர ஏலாதாம். நான் இருந்து குறிப்பெடுத்துக்கொண்டு போய்க் குடுக்கப்போறன்."

"தேவராசா, இது மாணவர்களுக்கான வகுப்பு."

"ஓம் ஓம். நான் ஒரு மூலையிலை இருப்பன். கதைக்க மாட்டன்."

அவர் கதைத்தார். மத்ஸ் வந்து பெயர்ப் பட்டியலை விரித்தான். பல்கலைக்கழகம் அனுப்பிய பட்டியலில் முதலெழுத்தும் குடும்பப் பெயரும்தான் இருந்தன. A. தேவராசா. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் பலருக்கு அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர். மத்ஸ் தட்டுத் தடுமாறி, "தேவராசா?" என்றான். தேவராசா, "யா," என்றார். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மத்ஸ் ஒரு சரி போட்டான்.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மஞ்சள் ஜாக்கெட்டுடன் மாணவராக உட்கார்ந்திருப்பதை மத்ஸ் ஏன் கவனிக்கவில்லை என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். மத்ஸ் தன் சப்பாத்துகளை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்த நாட்களும் உண்டு. மற்ற எட்டுப் பிள்ளைகளும் ஏன் சொல்லவில்லை என்றால், அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒவ்வொரு வாரமும் மரக்கறி ரோல்ஸ் இருந்தது.

இரண்டாம் வாரமே எனக்கு எல்லாம் தெரியும். நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஏனென்று சொல்கிறேன். மூன்றாம் வாரம் வகுப்பு முடிந்து என் அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, "ரீச்சர், சைபர் தசம் ஒன்பது ஒன்பது ஒன்பது எண்டு முடிவில்லாமல் போனால், அது ஒண்டாம். மத்ஸ் சொல்லுறான். நீங்கள் ஒத்துக்கொள்ளுறீங்களோ?" என்று கேட்டார். இருபத்தைந்து வருடமாகத் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் புள்ளியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்டிருக்கிறார்கள். கணிதத்தைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒன்றுதான்," என்றேன்.

"நான் விட மாட்டன். ஆயிரம் பெட்டி வரவேண்டிய இடத்திலை ஒரு பெட்டி குறைஞ்சாலும் முழுசா வந்ததெண்டு நான் கையெழுத்து வைக்கிறேல்லை."

"எந்தப் பெட்டி குறைகிறது என்று காட்டுங்கள்."

அவர் கொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த புதன்கிழமை அதே வாதத்தை வகுப்பில் எடுத்தார். களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள் என்றும், பெரும்பான்மை தன் பக்கம் என்றும் சொன்னார். கணிதத்தில் வாக்கெடுப்பு இல்லை என்று மத்ஸ் சொல்ல, பிள்ளைகள் மேசையில் தட்டினார்கள். ஆறாம் வாரம், கரும்பலகைக்கு முன்னால் நின்று, "எங்கை குறையுதெண்டு என்னாலை காட்ட ஏலாது. அப்ப குறையேல்லை," என்று தமிழில் தனக்குத்தானே சொல்லிவிட்டு, டேனிஷில் தோல்வியை ஒப்புக்கொண்டார். வகுப்பே கை தட்டியது. வெளியே நின்று பார்த்த நானும் தட்டினேன்.

வீட்டில் அபிஷா அவருடைய குறிப்புகளைத் திறந்தே பார்க்கவில்லை. அவர் அதைக் கேட்கவுமில்லை. புதன்கிழமைகள் எப்போதோ அவருடையவை ஆகிவிட்டிருந்தன.

பத்து வாரம் முடிந்தது. ஒரு காலை பிரெபன் என் அறைக்குள் வந்தார், தலையில் ஹெல்மெட்டுடன், கையில் மத்ஸின் சிபாரிசுக் கடிதத்துடன். சந்தோஷமாக வாசித்தார். "முதலிடத்தில் தேவராசா. வருகை நூறு வீதம். ஆழமான கேள்விகள். வயதை மீறிய முதிர்ச்சி. ஸ்பென்னெனெ!" வேகமான ஸ்பென்னெனெ. "இரண்டாவது இடம் ஃப்ரெயாவுக்கு. பாவம் அந்த யூனஸ், மூன்றாவது. இடம் இல்லை."

யூனஸ் என்ற அந்தப் பையன் பத்து வாரமும் வகுப்புக்காகக் காத்திருந்து, தூரத்துக் கிராமத்துக்குப் பிந்திய பஸ்ஸில் போனவன். ரோல்ஸும் கை தட்டலும் போய், என் மௌனத்தால் ஒரு பிள்ளையின் இடம் பறிபோகிறது என்பது தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டாம் வாரத்திலிருந்தே எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்து.

பிரெபன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மறுநாள் கூட்டம். அபிஷா மர நாற்காலியில். தேவராசா சோஃபாவில், வெள்ளைச் சேர்ட் போட்டு, மீசை கத்தரித்து. மகள் தெரிவாகிவிட்டாள் என்ற நற்செய்தி சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிரெபன் யன்னலோரம் நின்றார். மத்ஸ் பிந்தி, மூச்சு வாங்க ஓடி வந்தான். நேரே சோஃபாவுக்குப் போய்க் கையைக் குலுக்கினான்.

"வாழ்த்துக்கள், தேவராசா! தகுதியானவர் நீங்கள்தான்." பிறகு அபிஷாவைப் பார்த்தான். "மகளையும் கூட்டி வந்திருக்கிறீர்களா? அவளுக்கும் கணிதத்தில் ஆர்வமா?"

பிரெபன் மிக மெதுவாக, "ஸ்பென்... னெ... னெ," என்றார்.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் படிவத்தை எடுத்தேன். எனக்குத் தெரிந்த செய்முறை அது ஒன்றுதான். "அபிஷா, இந்தப் பாடம் உனக்கு ஏன் வேண்டும்?" எண்ணத் தொடங்கினேன். மூன்றில் தேவராசா எழும்பப் பார்த்தார். சோஃபா விடவில்லை. ஆறில் அபிஷா சொன்னாள்: "எனக்கு வேண்டாம். முதலிலேயே வேண்டாம். அப்பாவுக்குத்தான் வேண்டும்."

பிரெபன் இவ்வளவு வருடத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். நிலத்தில் சப்பாணி கட்டி, தேவராசாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். ஆறரை அடி மனிதர் அப்படி உட்கார்ந்தபோதுதான் இருவருடைய கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்தது. "தேவராசா, உங்களுக்கு ஏன் வேண்டும்?" என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. அறிய விரும்பிக் கேட்டார்.

நான் எண்ணினேன். ஏழு போனது, இருபது போனது. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். தேவராசா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"ரீச்சர், இதை மொழிபெயர்க்க வேண்டாம். ஊரடங்கு ஒண்டும் இல்லை. நான் சோதினை எழுதினனான். மூண்டு தரம். மூண்டு தரமும் கணிதம் பெயில். ஆருக்கும் சொல்லேல்லை. மனிசிக்கும் சொல்லேல்லை. வகுப்பிலை இருந்தா, விளங்காத இடத்திலை கையை உயர்த்திக் கேக்கலாம் எண்டு எனக்கு இந்தப் பத்துக் கிழமைதான் தெரியும். பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்."

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் டேனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளைக்குத் தமிழ் விளங்கும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோனது.

"மூண்டு தரமா?" என்றாள் அபிஷா. தமிழில்.

அபிஷா வாயைப் பொத்தினாள். பொத்தியும் அடங்கவில்லை. சிரித்தாள். பிறகு மர நாற்காலியை விட்டு எழுந்து வந்து அந்தச் சோஃபாவில், அவருக்குப் பக்கத்தில், தொப்பென்று விழுந்தாள். சோஃபாவில் மிஞ்சியிருந்த ஒரே வில்லும் அப்போது முறிந்தது. "நானும் போன மாதம் ஃபிரெஞ்சில் பெயில், அப்பா. உங்களுக்குச் சொல்லப் பயத்தில் கடிதத்தை ஹேண்ட்போல் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்," என்றாள் டேனிஷில். தேவராசா கோபிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். முழங்கால் நாடியில் இருக்கும்போது அது சரிவராது.

மத்ஸ் கடைசியாக, "அப்படியானால் A என்பது யார்?" என்று கேட்டான்.

அபிஷாவின் இடம் யூனஸுக்குப் போனது. பிரெபன் என்னைக் கண்டிக்கவில்லை. பள்ளி விதிமுறைக் கையேட்டில் ஒரு புது வரியை என்னையே எழுதச் சொன்னார். இன்றைக்கும் அது இருக்கிறது: 'மாணவருக்குப் பதிலாகப் பெற்றோர் வகுப்பில் இருப்பது வருகையாகக் கணிக்கப்படாது.' அது ஏன் அங்கே இருக்கிறது என்று சோஃபிக்கு இதுவரை தெரியாது.

தேவராசாவை வயதுவந்தோருக்கான கல்வி நிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். மாலை வகுப்பு. முதலில் C, அடுத்த வருடம் B, அதற்கடுத்த வருடம் A. அந்த மூன்றாவது வருட ஜூன் மாதத்தில் ஒரு நாள், A மட்ட வாய்மொழிச் சோதனைக்கு அவர் உள்ளே போக, வெளித் தாழ்வாரத்தில் நானும் அவர் மனைவி மலரும் இருந்தோம். மலரின் கையில் ஒரு சின்ன டென்மார்க் கொடி. இங்கே வாய்மொழிச் சோதனையை யாரும் போய்ப் பார்க்கலாம் என்பதால் அபிஷா உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவள் அப்போது பிசியோதெரபி படிக்கத் தொடங்கியிருந்தாள்.

செய்முறை எனக்கு மனப்பாடம். பச்சைத் துணி விரித்த மேசை. குப்புற வைத்த சீட்டுகள். ஒன்றை எடுக்க வேண்டும், அதுதான் கேள்வி. அரை மணி தயாரிப்பு, அரை மணி பேச்சு. ஆசிரியர் ஒருவர், வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர். பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு இருவரும் புள்ளியை முடிவு செய்வார்கள்.

மலர் கொடியை உருட்டிக்கொண்டே, "ரீச்சர், ஊரடங்குக் கதை உங்களுக்கும் சொன்னவரோ?" என்றார்.

நான் இருமினேன்.

"மூண்டு வருசமும் இவர் சோதினைக்குப் போற நாளிலை மட்டும் ஊரடங்காம். என்ர அண்ணையும் அந்த மண்டபத்திலைதான் எழுதினவர். கலியாணத்துக்கு முதலே எனக்குத் தெரியும்."

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"ஏன் கேப்பான்? ஒரு பொய்யோடை இருக்கிற மனிசன் வீட்டிலை கொஞ்சம் பணிவா இருப்பார்."

கதவு திறந்து தேவராசாவும் அபிஷாவும் வெளியே வந்தார்கள். அவருடைய சேர்ட்டின் முதுகு நனைந்திருந்தது. பத்து நிமிடம் கழிந்தது. திரும்பக் கூப்பிட்டார்கள். போனார், வந்தார்.

"சைபர் ரெண்டு," என்றார்.

டேனிஷ் புள்ளிமுறையில் ஆக உயர்ந்தது பன்னிரண்டு. 02 என்பது தேறியவர்களுக்குக் கொடுக்கும் ஆகக் குறைந்த புள்ளி. அபிஷா கத்தினாள். மலர் கொடியை ஆட்டினார். தேவராசா மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பிறகு சட்டென்று திரும்பி, கதவைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே போனார். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது. அடுத்த வருடம் திரும்ப எழுதலாமா, இதைவிட நன்றாகச் செய்வேன் என்று கேட்டார். பரீட்சகர் அம்மையார் முடியாது என்றார். ஒருதரம் மட்டும் என்று கேட்டார். ஒருதரமும் முடியாது, சட்டம் அப்படி என்றார். அவர் வெளியே வந்து வாங்கில் எங்கள் நடுவே உட்கார்ந்தார்.

"ரீச்சர், என்னை இனித் திரும்ப எழுத விட மாட்டினமாம்."

"ஏனாம்?"

"நான் பாஸ் பண்ணிட்டனாம்."

அதை அவர் வாயாலேயே சொல்லிக் கேட்ட பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.